கைதியும் ரெஸிடெண்டும்

நாஞ்சில் நாட்டின் சரித்திரத்தை மாற்றியமைத்த ஐரோப்பியர் இருவர். ஒருவர் நம் அரசரிடம் கைதியாக அகப்பட்டு, சேனாதிபதியாக உயர்ந்து, இந்த மண்ணிலேயே மாண்டு புதையுண்டவர். மற்றவர் கம்பெனியாரின் ரெஸிடெண்டாக வந்து, நம் ராணிக்குத் திவானாகவும் அமர்ந்து, வேலை முடிந்ததும் கப்பலேறிச் சென்றவர். முன்னவர் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய்; பின்னவர் கர்னல் ஜான் மன்றோ. சென்னைத் தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரைமேல் வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக மயங்கி எழுதுவோர் இன்றும் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முன்னவரைப் போற்றுவதும் பின்னவரைத் தூற்றுவதும் நம் தேசபக்தர்களிடையே வழக்கமாகிவிட்டது. மன்றோவின் பேரைச் சொல்லி இன்றும் கைகூப்புவோரும் இம்மாவட்டத்தில் பல்லாயிரவர் உண்டு. இரு கட்சியாரும் தத்தம் வக்காலத்தை மட்டும் தாக்கல் செய்துவிட்டு, எதிர்க்கட்சியின் சாட்சியங்களைப் புரட்டிப் பாராமலே தீர்ப்புக் கேட்கின்றனர். நாமோ இரண்டு கட்டுகளையும் அவிழ்த்துப் பார்க்க விரும்புகிறோம்.

1729-ம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தபோது வேணாடு என்பது ஒரு சிறு ராஜ்யம். அரசர் ஒரு புறம், மாடம்பிகளும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் மற்றொரு புறம் என்று அதிகாரம் சிதறிக் கிடந்தது. கடற்கரையில் மிளகு வியாபாரத்தின் பொருட்டு டச்சுக் கம்பெனியார் கொச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தனர். மிளகு விளையும் நாடுகளை மார்த்தாண்ட வர்மர் ஒவ்வொன்றாக வென்று சேர்த்தால் தங்கள் வியாபாரம் என்னாவது என்பதே அவர்களது கவலை. இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோஃப் 1739-ல் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. இலங்கையிலிருந்து சைனியம் வந்து குளச்சலில் இறங்கிற்று. கல்குளம் கோட்டையை, அதாவது பின்னாளில் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்ற தலைநகரை, நோக்கி முன்னேறிற்று. திருவாங்கூர்ப் படை அதை மடக்கித் திரும்பக் கடற்கரைக்கே துரத்திற்று. குளச்சலில் கோட்டையடித்துக் கிடந்த டச்சுக்காரர் 1741 ஆகஸ்டு 10-ல் சரணடைந்தனர். வண்டிகளில் பனந்தடிகளை ஏற்றிப் பீரங்கிகளென்று எதிரிகளை ஏமாற்றியதாகவும், மீனவர்கள் கடற்புறத்தில் காவல் நின்றதாகவும் அவ்வூர்க் கிழவர்கள் சொல்லும் கதைகளை நாம் சிறுவயதில் கேட்டதுண்டு. கதையில் அலங்காரம் எவ்வளவு இருப்பினும், ஆசிய மன்னர் ஒருவரிடம் ஐரோப்பியக் கம்பெனியொன்றின் சைனியம் ஆயுதத்தைக் கீழே வைத்தது கதையல்ல. பிளாசிக்கு 16 ஆண்டு முந்திய சம்பவம் அது.

அன்று அகப்பட்ட கைதிகளுள் ஒருவரே டிலனாய். அவரைக் கடற்படைத் தலைவர் என்று சில நூல்கள் ஏற்றிச் சொல்கின்றன. அவர் அப்படிப்பட்ட பெரும் பதவியில் இருந்தவரல்லர். பிளமிஷ் வம்சத்தார், கத்தோலிக்கர், கம்பெனிப் பட்டாளத்தில் பணி புரிந்தவர், வயது 26 இருக்கும். வெற்றி பெற்ற அரசர் அவரைத் தலைவெட்டவுமில்லை, பணயத் தொகை கேட்டு விற்கவுமில்லை. நாயர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கும்படி நியமித்தார். மார்த்தாண்ட வர்மரின் ராஜதந்திரத்தில் இதைப் போன்ற கூர்மை வேறெதிலும் இல்லை என்போம். எதிரியின் பீரங்கியைப் பறிப்பவன் வீரன். பீரங்கி செய்யும் கையையே பறித்துத் தன் வேலையில் அமர்த்துபவன் அரசன்.

அதற்குப் பின் 36 வருஷங்கள் அந்தக் கை ஓயவில்லை. புலியூர்க்குறிச்சி மலையைச் சுற்றி உதயகிரிக் கோட்டை கருங்கல்லால் உயர்ந்தது. அதனுள் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கும் உலைக்களம் எழுந்தது. குமரிக்கருகே கடலோரத்தில் வட்டக்கோட்டை பலப்படுத்தப்பட்டது. கவாத்துப் பயின்ற புதிய சைனியம் காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் முதலிய நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிற்று. 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் மூலம் டச்சுக்காரர் நம் அரசரின் விரோதிகளுக்கு உதவுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கினர். 1758-ல் தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் பட்டமேற்ற பின்னரும் டிலனாயின் செல்வாக்குக் குறையவில்லை. கொச்சியைச் சூழ்ந்த சாமூதிரியின் படைகளை அவர் விரட்டினார். அதன் பின் வடக்கெல்லையில் ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்கு நெடுங்கோட்டை எழுந்தது. அவர் மாண்டு 12 ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது அந்தக் கோட்டையே. மறு ஆண்டு அது உடைந்தது என்பதும் உண்மை.

ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். மனைவி மார்கரீத்தாவும் பிள்ளைகளுமாக உதயகிரியிலேயே குடியிருந்தார். இருபது வயது நிறையாத மகன் ஜோகன்னஸ் களக்காட்டுப் போரில் திருவாங்கூரின் பொருட்டு மாண்டான். 1777 ஜூன் 1-ல் தந்தையும் காலமானார். கோட்டைக்குள் இருக்கும் சிறு தேவாலயத்தில், இன்று கூரையின்றி நிற்கும் சுவர்களுக்கு நடுவே, குடும்பத்தாரின் கல்லறைகள் உள்ளன. டிலனாயின் கல்லறை மீது லத்தீனிலும் தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறது. மார்த்தாண்ட வர்மரின் சேனாதிபதிக்குக் கல்லில் எழுத வேண்டி வந்தபோது உதயகிரியில் எழுந்த மொழி தமிழ். 1956 நவம்பர் 1-ல் இந்நான்கு தாலூகாக்களும் தமிழ்நாட்டோடு இணைவதற்கு எத்தனை பேர் இரத்தம் சிந்த நேர்ந்தது என்பதை அறிந்த வாசகர்கள் இதன் பொருளைத் தாமே உணர்வர்.

அந்நாளில் இந்திய மன்னர்களிடம் கூலிக்கு வாளேந்திய ஐரோப்பியர் பலர். சிந்தியாவிடம் பெருஞ்சேனை அமைத்த டி புவாஞ் என்பவர் சம்பாதித்த செல்வத்தையெல்லாம் வாரிக்கொண்டு ஸவாய் நாட்டுக்குத் திரும்பினார். அவ்வூரில் அவருக்கு யானைகள் சூழ்ந்த நீரூற்று ஒன்று ஞாபகச் சின்னமாக நிற்கிறது. டிலனாய் திரும்பவில்லை. வந்த வழியை மறந்துவிட்டவர் போல் இங்கேயே இருந்துவிட்டார்.

இத்துடன் நிறுத்தினால் நாம் ஸ்தோத்திரம் பாடியவர்களாவோம். வலிய கப்பித்தானின் பீரங்கிகள் அந்நியரை மட்டும் சுடவில்லை. அவை தகர்த்த கோட்டைகளும் மலையாளிகளின் கோட்டைகளே. அவற்றின் உள்ளிருந்தவர்களும் தங்கள் நாட்டைத் தங்கள் நாடென்றே எண்ணியிருந்தனர். அந்தப் பீரங்கிகளுக்கு வேண்டிய வெண்கலமும் வெடியுப்பும் வானத்திலிருந்து விழவில்லை. மிளகை அரசே ஏகபோகமாக வாங்கி விற்ற பணமும், நாஞ்சில் நாட்டு வயல்களில் விளைந்த நெல்லின் மீது விதித்த வரியுமே அவற்றுக்கு மூலதனம். இந்த நாட்டு உழவர்கள் வரிக்கொடுமை தாங்காமல் நாட்டாராகக் கூடித் தீர்மானம் செய்து, ஊரைவிட்டு மலையேறிப் போன செய்திகள் மார்த்தாண்ட வர்மருக்கு முந்திய காலத்து ஓலைகளில் உண்டு. பலமான சைனியம் வந்தபின் அப்படி மலையேறும் தைரியம் நாட்டாருக்கு எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. உதயகிரியில் டிலனாயின் கீழ் பணி புரிந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அவரது தொடர்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர் சிறைப்பட்டு, எருமை மேலேற்றி ஊரூராக இழுக்கப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022-ல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிற்று. சேனாதிபதியின் நிழல் அந்தச் சீடரைக் காக்கவில்லை. சேனாதிபதி தமது உத்தியோகத்தைத் துறக்கவுமில்லை. அரசனிடம் அன்பும் அரசனுக்கு அச்சமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியவை. கைதியாக வந்தவர் எவ்வளவு உயரே ஏறினாலும் தாம் கைதி என்பதை முற்றும் மறக்க முடியுமா என்று உதயகிரிச் சுவர்களுக்கு நடுவே நின்றபோது நாம் எண்ணினோம்.

இனி மன்றோவின் கட்டை அவிழ்ப்போம்.

டிலனாய் அமைத்த சைனியத்தின் முடிவோடு மன்றோவின் கதை தொடங்குகிறது. 1795, 1805 ஆகிய இரு உடன்படிக்கைகளால் திருவாங்கூர் கம்பெனியாரின் பிடிக்குள் வந்தது. பிந்தியதன்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். ரெஸிடெண்டு மெக்காலேயின் நெருக்கடி பொறாமல், கல்குளம் தாலூகா தலக்குளத்தில் பிறந்த திவான் வேலுத்தம்பி வாளெடுத்தார். (இந்த மெக்காலே, இந்தியருக்கு ஆங்கிலக் கல்வித் திட்டம் எழுதிய மெக்காலே பிரபுவின் பெரிய தந்தையார். நம் நாட்டுக்கு அக்குடும்பத்தின் மேல் என்ன பூர்வ ஜன்மக் கடனோ!) 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. சில நாட்களில் நாகர்கோவிலும், பெரும் போரின்றியே உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. மண்ணடியில் வேலுத்தம்பி உயிர் துறந்தார். அவரது பிணத்தைக் கண்ணம்மூலையில் தூக்கில் மாட்டிக் காட்சி வைத்தனர். 1741-ல் வென்ற சைனியம், அரண்மனைக் காவலுக்கு வேண்டிய சில நூறு பேர் நீங்கலாக, கலைக்கப்பட்டது. டிலனாய் எழுப்பிய கருங்கல் சுவர் அப்படியே நின்றது. அதற்குள் நின்று சுட வேண்டியவர்களைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மறு ஆண்டு, 1810-ல், மெக்காலேயின் நாற்காலியில் மன்றோ வந்தமர்ந்தார். 1778-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பல மொழிகள் கற்றவர். சென்னைப் பட்டாளத்தில் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலாக இருந்தவர். கூடாரங்களுக்கென்று அதிகாரிகளுக்குக் கொடுத்துவந்த படித்தொகையில் ஊழலுக்கு இடமிருப்பதாக அவர் எழுதிய அறிக்கை வெள்ளை அதிகாரிகளை ஆத்திரமூட்டி, 1809-ல் சென்னை ராணுவத்தில் அவர்கள் கலகம் செய்வதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. தம் ஜாதியாரின் வயிற்றிலடிக்கவும் தயங்காத கண்டிப்புக்காரர் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாண்டிலேயே மகாராஜா காலஞ்சென்றார். பட்டத்துக்குப் போட்டியிட்ட கேரள வர்மரின் உரிமையை ரெஸிடெண்டு தள்ளிவிட்டு, இருபது வயதை ஒட்டிய ராணி கௌரி லட்சுமி பாயியின் உரிமையை ஒப்புக்கொண்டார். கேரள வர்மர் முதலில் தலைச்சேரிக்கும் பிறகு செங்கற்பட்டுக்கும் கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு, 1811-ல், ராணி திவான் உம்மிணித்தம்பியை நீக்கிவிட்டு, ரெஸிடெண்டையே திவானாக இருக்கும்படி வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டார் என்று ரிக்கார்டுகள் சொல்கின்றன. தம் பட்டத்துக்கே எவருடைய தயவைக் கடன்பட்டிருக்கிறாரோ அவரைத் தவிர வேறு யாரை அந்த இளம் ராணி வேண்டிக்கொண்டிருக்க முடியும்?

சட்டம் படித்த நமக்கு இந்த இடம் முள்ளாய்க் குத்துகிறது. ரெஸிடெண்டு என்பவர் திவானின் செயல்களைக் கம்பெனியின் சார்பில் கண்காணிப்பவர். திவான் என்பவர் ராஜ்யத்தின் நன்மையைக் கம்பெனியிடமிருந்தும் காக்க வேண்டியவர். கப்பம் வசூலிக்க வந்தவரே கப்பம் கட்டுகிறவரின் காரியஸ்தராகவும் அமர்ந்தார்! தம் வழக்கில் தாமே நீதிபதியாக அமரலாகாது என்பது நீதி சாஸ்திரத்தின் அரிச்சுவடி. மன்றோவின் எல்லா நன்மைகளையும் ஒரு தட்டில் வைத்தாலும் மறு தட்டில் இந்த ஒரு கல் கிடக்கிறது.

ஆயினும் அந்த முதல் தட்டு வெறும் தட்டல்ல.

1811-ல் பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவாய் ஆகிய ஐந்து இடங்களில் ஜில்லாக் கோர்ட்டுகள் ஏற்பட்டன. அதுவரை காரியக்காரர் என்ற ஒரே உத்தியோகஸ்தரே வரி வசூலிப்பார், விசாரிப்பார், தண்டிப்பார். மன்றோ அந்த முடிச்சை அவிழ்த்து, வசூலுக்குத் தாசில்தார் என்றும் விசாரணைக்கு நீதிபதிகள் என்றும் பிரித்தார். நாம் கறுப்புக் கோட்டு அணிந்து ஏறுகிற படிக்கட்டுகளுள் முதலாவது படி அவர் கட்டியது. அதை மறுப்பது நன்றியறிதலன்று.

1812-ல் ராணியின் பேரால் வெளிவந்த விளம்பரம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடுத்தது. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் பார்த்தவர்கள், நிலத்தை விற்பது போல் மனிதரை விற்ற ஆவணங்களை அவற்றில் கண்டிருப்பர். தடை வந்தது, ஆனால் நிலத்தோடு பிணைக்கப்பட்ட விவசாய அடிமைகள் அதிலிருந்து விலக்கப்பட்டனர். நாஞ்சில் நாட்டிலோ அடிமைகளில் பெரும்பாலோர் சேற்றில் நின்றவர்களே. ஆகவே சட்டத்தின் வெளிச்சம் வரப்பு வரையில் வந்து நின்றுவிட்டது. வயலுக்குள் அது இறங்குவதற்கு 1855 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மன்றோ காலத்து உத்தரவுகளுள் நம் மாவட்டத்து ஜனங்கள் இன்றும் மறவாதது, கிறிஸ்தவரான நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துக் குப்பாயம் அணியலாம் என்ற 1814-ம் ஆண்டு அனுமதி. மேல்முண்டு போடலாகாது, குப்பாயம் மட்டுமே என்று அளந்து கொடுத்தது அது. மதம் மாறாத பெண்களுக்கு அதுவுமில்லை. இப்படி அரைகுறையாகத் திறந்த கதவின் இடுக்கில் நின்று 1820-களிலும் 1850-களிலும் இந்நாட்டுப் பெண்கள் சந்தையிலும் சாலையிலும் அடிபட்டனர். முடிவில் 1859-ல்தான் எல்லா நாடார் பெண்களுக்கும் உரிமை கிட்டிற்று. மன்றோ கதவைத் திறந்தாரா, பாதி திறந்து வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்போர் உண்டு. நாமும் கேட்கிறோம். ஆனால் அவருக்கு முன் அதைத் தொடவே யாருக்கும் மனம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் திவான்களும் தளவாய்களும் எத்தனை தலைமுறை அக்கதவின் முன் நடந்து போயிருப்பர்! வேலுத்தம்பியின் தேசபக்தியை நாம் வணங்குகிறோம். அந்தத் தேசத்தில் இப்பெண்களுக்கு என்ன பங்கு இருந்தது என்று ஒருவர் கேட்டால் தலைகுனிகிறோம்.

கோயில்களின் விஷயம் வேறு மாதிரி. 348 பெரிய தேவஸ்வங்களையும் அவற்றினும் மிகுந்த எண்ணிக்கையில் சிறு தேவஸ்வங்களையும் மன்றோ தம் திவான் காலத்தில் சர்க்கார் வசமாக்கினார். கோயில் நிலங்களின் வருமானம் சர்க்கார் கஜானாவுக்கு. கோயிலின் செலவு சர்க்கார் பொறுப்பு. ஊராளர்கள் கோயில் சொத்தைத் தின்றுகொண்டிருந்தனர் என்பது அவர் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய கப்பப் பாக்கி தலைக்குமேல் நின்ற வேளையில், நாட்டில் மிகப் பெரிய சொத்துடையவர் தெய்வமே என்பதைக் கண்டுகொண்ட திவானின் கண், பக்தியினால் மட்டும் கூர்மையடைந்தது என்று நம்மால் நம்ப முடியவில்லை. 1814-ல் அவர் திவான் பதவியை விடும்போது பாக்கி தீர்ந்திருந்தது. சுசீந்திரம் முதலான கோயில்களின் நிலமும் நிர்வாகமும் பற்றி இன்றும் நடக்கும் விவகாரங்களின் வேரைத் தோண்டிப் போகிறவர்கள் இந்த ஏற்பாட்டில் போய் முட்டுவர்.

மிஷனரிகளுக்கு அவர் காட்டிய சலுகையும் இரு முகமுடையது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனுக்கு பங்களாவும், வயல் வாங்க 5,000 ரூபாயும் ராணி கௌரி பார்வதி பாயியிடமிருந்து கிடைத்ததற்கு மன்றோவின் செல்வாக்கே காரணம். அந்த மிஷனிலிருந்து கிளைத்த பள்ளிக்கூடத்தில், பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில், ஜாதி பேதமின்றி எத்தனை தேசபக்தர்கள் படித்தனர்! ஆனால் மீட் என்னும் பாதிரியாரையே நாகர்கோவிலில் நீதிபதியாக அமர்த்தினாரே, அது என்ன நியாயம்? சர்க்காரின் வசூலையும் விசாரணையையும் பிரித்த அதே கை, பிரசங்க மேடையையும் நீதி பீடத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. மீட் பாதிரியார் சிறிது காலத்தில் அப்பதவியை விட்டது நல்லதாயிற்று.

1819-ல் மன்றோ ரெஸிடெண்டு பதவியைத் துறந்தார். ஸ்காட்லாந்து சென்று, தமையனாரின் டீனினிக் பண்ணையையும் அதிலிருந்த சாராய வடிசாலையையும் பின்னர் வாங்கிக்கொண்டு, 1858 வரையில் வாழ்ந்தார். கொல்லத்துக்கருகே அவர் பெயரால் மன்றோத் தீவு இருக்கிறது. செங்கன்னூர் பகவதிக்கு அவர் காணிக்கை செலுத்தியதாக ஒரு கதையும் உண்டு; தம்மை ஆண்டவர்களை எப்படியாவது தம் தெய்வத்தின் முன் மண்டியிடச் செய்துவிட வேண்டுமென்பது ஜனங்களின் பழைய ஆசை.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் விசித்திரமான தோற்றம் தெரிகிறது. சேவகனாக இருந்தவர் அரசனின் கையைப் பலப்படுத்தினார். ஜனங்களின் நிலையை அவர் தொடவில்லை. எஜமானாக வந்தவர் அரசின் கையைக் கட்டினார். ஜனங்களுள் கடைப்பட்டவர்களின் நிலையைச் சிறிதாவது தொட்டார். டிலனாயின் சைனியம் அவர் இறந்து 32 ஆண்டுகளில் கலைந்தது. மன்றோவின் கோர்ட்டும் தாசில்தாரும் தேவஸ்வ நிர்வாகமும் உருமாறி உருமாறி இரு நூற்றாண்டுகளாக நடக்கின்றன. ஆனால் மன்றோவிடம் ஒரு பிரஜை குறை சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவது? திவானுக்கு மேல் ரெஸிடெண்டு, ரெஸிடெண்டும் அவரே. டிலனாய் தவறு செய்தால் கேட்பதற்கு நம் மகாராஜா இருந்தார். அந்நியர் நமக்குச் செய்த நன்மையை அளக்கும்போது, செய்தது என்ன என்பதோடு, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுச் செய்தார் என்பதையும் அளக்க வேண்டும் என்பது நம் கட்சி. அந்த அளவுகோலின்படி நாம் டிலனாயை ஒரு படி மேலே வைக்கிறோம். நண்பர்களில் சிலர் இதற்கு இணங்கமாட்டார்கள். மேற்சொன்ன பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இணங்கவேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவுமில்லை.

குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. பழைய திருவாங்கூர் நாயர் படையின் வாரிசாக உள்ள மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் அங்கு வந்து மரியாதை செலுத்துகின்றனர். அவ்வாறு வருவோர் தக்கலை வழியாக உதயகிரிக்கும் சென்று, அந்தக் கல்லறைச் சாசனத்தின் தமிழ் வரிகள் மழையில் தேய்ந்து மறையாதபடி காக்குமாறு தொல்பொருள் இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் நன்றாயிருக்கும். பத்மநாபபுரத்தில் 1811-ல் ஜில்லாக் கோர்ட்டு ஏற்பட்ட செய்தியைச் சொல்லும் ஒரு கல்லையும் இப்போதைய கோர்ட்டு வளாகத்தில் நாட்டலாம். அதில் மன்றோவின் பெயர் இருக்கட்டும். அவருக்கு மேலே, அந்த உத்தரவுகள் யாருடைய பேரால் வெளிவந்தனவோ அந்தக் கௌரி லட்சுமி பாயியின் பெயரும் இருக்கட்டும். இதற்கான வரைவை நம் வக்கீல் சங்கத்து நண்பர்களிடம் அடுத்த வாரம் கொடுக்க உத்தேசித்திருக்கிறோம்.